நெருப்பில்லாத சமையல்

ஒரு கவளம் வெறுஞ் சோற்றை வாயில் இட்டு, உடனே விழுங்கிவிடாமல், இரண்டு மூன்று நிமிஷ நேரம் நன்றாக மென்றுகொண்டே இருந்தால், அதில் மெல்ல மெல்ல ஓர் இனிப்புத் தட்டுவதை எவரும் உணரலாம். சோற்றில் நாம் சர்க்கரை சேர்க்கவில்லை. வாயிலும் சர்க்கரை இல்லை. அப்படியாயின் அவ்வினிப்பு எங்கிருந்து வந்தது? சோற்றிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி வாயிலேயே சர்க்கரையாக மாறிவிட்டது என்பதே விடை.

மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது எளிய காரியமன்று. 1811-ம் ஆண்டில் ருஷ்யாவின் அந்நாளைய தலைநகரமாகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்ச்சாப் என்னும் ரஸாயன நிபுணர் இதைச் செய்து காட்டினார். மாவுச்சத்தைத் தண்ணீரில் கரைத்து, அதில் கந்தகத் திராவகத்தைச் சிறிது சேர்த்து, வெகு நேரம் கொதிக்கவைத்த பிறகே அவருக்குச் சர்க்கரை கிடைத்தது. அடுப்பும் திராவகமும் கொண்டு அவர் செய்த வேலையை, நமது நாவின் அடியில் ஊறும் உமிழ்நீர், உடம்பின் வெதுவெதுப்பிலேயே, கவளம் தொண்டையில் இறங்குமுன் தொடங்கிவிடுகிறது. உமிழ்நீரில் இருந்துகொண்டு இதைச் செய்யும் பொருளுக்கு அமிலேஸ் என்று பெயர். இவ்வகைப் பொருள்கள் அனைத்துக்கும் பொதுவாக என்ஸைம் என்பது பெயர். தமிழில் நொதி என்பர்.

நம் உடலில் இத்தகைய என்ஸைம்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உண்ட உணவைக் கரைப்பதும், கரைந்ததைத் தசையாகவும் எலும்பாகவும் கட்டுவதும், மூச்சுக் காற்றைக் கையாளுவதும், ஒரு தலைமுறையின் சாயலை மறு தலைமுறைக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பதும் இவற்றின் பணிகளே. இவற்றில் ஒன்றே ஒன்று இல்லாமற்போனால் ஒரு குழந்தையின் வாழ்வே திசை மாறிவிடக்கூடும். அதனாலேயே, இவற்றைப் பற்றி வீட்டிலுள்ளோர் யாவரும் சிறிதேனும் அறிந்திருப்பது நலம் என்று கருதுகிறோம்.

சமையலறையின் சாட்சி

என்ஸைம்களைக் காண ஆராய்ச்சிசாலைக்குப் போகவேண்டுவதில்லை. வாழைக்காயை நறுக்கி அப்படியே வைத்தால் சிறிது நேரத்தில் கறுத்துப்போகிறது. காயினுள் தனித் தனியே இருந்த ஓர் என்ஸைமும் வேறு சில பொருள்களும், அரிவாள்மணை பட்டதும் ஒன்றோடொன்று கலந்து, காற்றிலுள்ள பிராணவாயுவின் உதவியால் கறுப்பு நிறத்தை உண்டாக்குகின்றன. நறுக்கிய துண்டுகளை நம் பெண்மணிகள் மோர் கலந்த நீரில் போடுகிறார்களே, அது காற்றையும் தடுக்கிறது. மோரின் புளிப்பு அந்த என்ஸைமின் வேகத்தையும் அடக்குகிறது.

முழுப் பூண்டில் வாசனை அதிகமில்லை. நசுக்கினால்தான் வீடெல்லாம் மணக்கிறது. கடுகைக் கொதிக்கும் எண்ணெயில் முழுதாகப் போட்டுத் தாளித்தால் மூக்கில் ஏறும் நெடி எழுவதில்லை. தண்ணீர் விட்டு அரைத்தால் கண்ணில் நீர் வருகிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றே. நசுங்கும்போது என்ஸைம் தன் இரையைச் சந்திக்கிறது. மணமும் நெடியும் அந்தக் கணத்தில் புதிதாய்ப் பிறக்கின்றன. கொதி எண்ணெயோ என்ஸைமை முன்னரே அழித்துவிடுகிறது.

கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சினால், சாதாரண மாவுக் கஞ்சியைப் போல அது கெட்டியாவதில்லை. நீர்த்து, இலேசான இனிப்புடன் இருக்கும். முளைக்கும் தானியம் தன் சேமிப்பாகிய மாவுச்சத்தைக் கரைத்து முளைக்கு ஊட்டுவதற்காக அமிலேஸை உண்டாக்குகிறது. முளைக்காக ஏற்பட்ட அந்த ஏற்பாட்டைக் குழந்தைக்காக நாம் கடன் வாங்கிக்கொள்ளுகிறோம்.

பருந்தும் பாதிரியாரும்

இரைப்பை உணவை அரைத்துத்தான் ஜீரணிக்கிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் பலர் கருதினர். 1752-ல் பிரான்ஸ் தேசத்து ரியோமூர் என்பவர் தம்மிடம் இருந்த ஒரு பருந்தைக் கொண்டு இதைச் சோதித்தார். ஜீரணமாகாத பொருளைக் கக்கிவிடுவது பருந்தின் இயல்பு. ரியோமூர் உலோகக் குழாய்க்குள் இறைச்சித் துண்டை வைத்து அதை விழுங்கச் செய்தார். பருந்து கக்கிய குழாயைப் பார்த்தபோது, குழாய் நசுங்கவில்லை. உள்ளே இருந்த இறைச்சி மட்டும் கரைந்திருந்தது. ஆகவே உணவைக் கரைத்தது இரைப்பையின் அழுத்தமன்று, அதில் சுரக்கும் நீரே என்பது விளங்கிற்று. பின்னர் இத்தாலியப் பாதிரியாரான ஸ்பல்லன்ஸானி, உணவை இட்ட சிறு துணிப் பைகளைத் தாமே விழுங்கி, அவை வெளிவந்தபின் ஆராய்ந்து, மனிதரிடத்தும் இவ்வாறே நிகழ்கிறது என்று நிரூபித்தார்.

1833-ல் பாயென், பெர்ஸோ என்னும் இரு பிரெஞ்சுக்காரர்கள் முளைகட்டிய பார்லியிலிருந்து மாவைச் சர்க்கரையாக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1836-ல் ஜெர்மனியில் ஷ்வான் என்பவர் இரைப்பை நீரில் உள்ள பெப்ஸினைக் கண்டார். பெயர் வைத்தாகிவிட்டது, ஆனால் இப்பொருள்கள் யாவை, எவ்வாறு வேலை செய்கின்றன என்பது மட்டும் இருளில் இருந்தது.

உயிர் வேண்டுமா, வேண்டாமா?

அப்பொழுது ஒரு பெரிய வாதம் எழுந்தது. திராட்சைச் சாறு நுரைத்து மதுவாவதற்கு ஈஸ்ட் என்னும் நுண்ணிய காளானே காரணம் என்று லூயி பாஸ்டர் கண்டார். உயிருள்ள ஈஸ்ட் இன்றிச் சர்க்கரை மதுவாகாது என்பது அவர் கட்சி. ஜெர்மானிய ரஸாயன பண்டிதரான லீபிக் இதை ஒப்பவில்லை. நிகழ்வது வெறும் ரஸாயன மாறுதலே என்று அவர் வாதாடினார். கேட்பதற்குச் சிறு விஷயமாகத் தோன்றினாலும், இதன் அடியில் பெரியதொரு வினா கிடந்தது. உயிருள்ள உடலினுள் நிகழ்பவை, மனிதனால் அறியக்கூடிய ரஸாயன விதிகளுக்கு உட்பட்டவையா? அல்லது உயிர்ச் சக்தி என்று வேறொன்று தனியே நின்று அவற்றை நடத்துகிறதா?

இருவரும் மறைந்தபின், 1897-ல் இவ்வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்தது. எட்வர்ட் பூக்னர் என்னும் ஜெர்மானியர், வைத்தியத்துக்குப் பயன்படக்கூடும் என்று கருதி, ஈஸ்ட்டின் உட்சாற்றை எடுக்க முயன்றார். ஈஸ்ட்டை மணலுடன் சேர்த்துக் கல்வத்தில் அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, சாற்றை எடுத்தார். அச்சாறு விரைவில் கெட்டுப்போயிற்று. பழங்கள் கெடாதிருக்கச் சர்க்கரைப் பாகில் இடுவது வழக்கமன்றோ? அதுபோல இச்சாற்றிலும் சர்க்கரையை ஏராளமாகச் சேர்த்தார்கள். சாறு பொங்கி நுரைக்கலாயிற்று. உயிருள்ள ஈஸ்ட் ஒன்றுகூட அதில் இல்லை. ஆயினும் சர்க்கரை மதுவாக மாறிக்கொண்டிருந்தது!

உயிரணுவை உடைத்த பின்னும் அதன் வேலை நடக்கிறது என்று அந்த நுரை தெரிவித்தது. உயிருள்ள ஈஸ்ட் இவ்வேலையைச் செய்கிறது என்று பாஸ்டர் கூறியதும் உண்மை. அது செய்யும் வேலை ரஸாயனமே என்று லீபிக் கூறியதும் உண்மை. 1907-ல் பூக்னருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, முதல் உலக யுத்தத்தில் காயமுற்று அவர் மாண்டார். என்ஸைம் என்னும் பெயர் இதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1877-ல், கியூனே என்பவர் இட்டது. கிரேக்க மொழியில் 'ஈஸ்ட்டினுள்' என்பது அதன் பொருள்.

ஒரு கையால் செய்த சாதனை

என்ஸைம் என்பது எப்பொருளால் ஆனது? இதற்கு விடை கண்டவர் அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸம்னர். பதினேழாம் வயதில் வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் இடது கையை இழந்தவர் அவர். அதுவரை எழுதுவதும் பிற வேலைகளும் இடது கையாலேயே செய்துவந்தவர். ஒற்றைக் கையுடன் ரஸாயனத்தில் முன்னேற முடியாது என்று ஹார்வர்டில் புரொபஸராயிருந்த ஓட்டோ போலின் அவரிடம் சொன்னாராம். ஸம்னர் கேட்கவில்லை.

வாளவரை இனத்தைச் சேர்ந்த ஒருவகை விதையில் யூரியேஸ் என்னும் என்ஸைம் மிகுதியாக இருக்கிறது. 1917-ல் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஸம்னர் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கப் பாடுபட்டார். 1926-ல், விதை மாவில் அஸிடோன் கலந்த நீரை ஊற்றி வடித்து, குளிர்ந்த இடத்தில் வைத்திருந்து, மறுநாள் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, சின்னஞ் சிறு படிகங்கள் மின்னின. அவை சுத்தமான புரதம். அதுவே என்ஸைமாகவும் இருந்தது. ஐரோப்பாவின் பெரும் பண்டிதர்கள் சிலர் இதை நம்ப மறுத்தார்கள். புரதத்தோடு என்ஸைம் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்றார்கள். 1930-ல் நார்த்ராப் என்பவர் பெப்ஸினையும் படிகமாக எடுத்துக் காட்டிய பிறகே வாதம் ஓய்ந்தது. 1946-ல் ஸம்னருக்கும், நார்த்ராப், ஸ்டான்லி ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. என்ஸைம்களில் ஏறக்குறைய எல்லாம் புரதங்களே என்று இன்று அறிவோம், ஆர்.என்.ஏ. என்னும் வேறொரு பொருளும் சில இடங்களில் இப்பணியைச் செய்வதை 1980-களில் ஸெக், ஆல்ட்மன் என்னும் இருவர் கண்டறிந்தார்கள்.

கணவாயும் பூட்டும்

இனி, என்ஸைம் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். கோயம்புத்தூருக்கும் கேரளத்துக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மலைமீது ஏறித்தான் அப்பால் செல்லவேண்டும் என்றிருந்தால், நூற்றில் ஒருவரே போய்ச் சேருவார். பாலக்காட்டுக் கணவாய் இருப்பதால் ரயில் வண்டி அலுப்பின்றிப் போகிறது. கணவாய் எவரையும் தள்ளவில்லை. போகும் ஊரையும் மாற்றவில்லை. ஏறவேண்டிய உயரத்தைக் குறைத்தது, அவ்வளவே. ரஸாயன மாறுதல் ஒவ்வொன்றிலும் இத்தகைய மலை ஒன்று குறுக்கே உண்டு. கிர்ச்சாப் அடுப்பை மூட்டி, மூலக்கூறுகளை மலைமேல் ஏறும்படி விரட்டினார். என்ஸைமோ கணவாயைக் காட்டுகிறது. தான் தேயாமல், ஒன்று முடிந்ததும் அடுத்ததைப் பற்றிக்கொள்ளுகிறது.

இதன் வேகம் நம்பற்கரியது. நம் இரத்தத்தின் செவ்வணுக்களில் கரியமில வாயுவைக் கையாளும் ஓர் என்ஸைம் உண்டு. அதன் ஒரு மூலக்கூறு ஒரு விநாடியில் 10 லட்சம் வரை மூலக்கூறுகளை மாற்றவல்லது. மரபுப் பொருளைக் கட்டுவதற்கு வேண்டிய ஒரு படியை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஸைம் இன்றி அந்த மாறுதல் பாதியளவு நிகழ்வதற்கு 7 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் பிடிக்கும் என்று 1995-ல் அமெரிக்காவில் உல்பெண்டனும் ராட்ஸிக்காவும் கணக்கிட்டார்கள். என்ஸைம் இருக்குமிடத்தில் அதுவே ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கில் முடிந்துவிடுகிறது. உயிர் வாழ்க்கைக்கு வேண்டிய மாறுதல்களில் பல, என்ஸைம் இல்லாமலும் என்றேனும் ஒருநாள் நிகழக்கூடியவையே. ஆனால் பசித்தவனுக்கு என்றேனும் ஒருநாள் வரும் சோற்றால் என்ன பயன்? வேண்டிய காலத்தில் வேண்டியது நடப்பதே உயிர். அக்காலத்தை நமக்குச் சம்பாதித்துத் தருபவை என்ஸைம்கள்.

மேலும், ஒவ்வொரு என்ஸைமும் தனக்குரிய வேலையை அன்றிப் பிறிதொன்றைத் தொடாது. மாவுச்சத்தைக் கரைக்கும் அமிலேஸ், பருப்பிலுள்ள புரதத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பூட்டும் சாவியும் போல என்ஸைமும் அதன் இரையும் பொருந்துகின்றன என்று 1894-ல் எமில் பிஷர் உவமை கூறினார். என்ஸைமின் உடலில் ஒரு சிறு குழிவு உண்டு; அதில் அமையக்கூடிய வடிவமுள்ள பொருளுக்கே அங்கே இடம். 1958-ல் கோஷ்லண்ட் என்பவர் இவ்வுவமையைச் சற்றே திருத்தினார்: பூட்டு இறுகியது, என்ஸைமோ, கை நுழைந்ததும் அதற்கேற்ப உருக்கொள்ளும் கையுறை போன்றது.

இவ்வடிவம் குலைந்தால் வேலையும் நின்றுவிடும். கொதிநீரில் முட்டையின் வெண்கரு கட்டியாகி, மீண்டும் பழைய நிலைக்கு வராதவாறு, மிகுந்த சூட்டில் என்ஸைமும் உருக்குலைகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற புளிப்பின் அளவும் வேறு. பெப்ஸின் இரைப்பையின் கடும் புளிப்பில் சுறுசுறுப்பாக இருக்கும். அதே புளிப்பில் உமிழ்நீரின் அமிலேஸ் ஓய்ந்துபோகும். உடல் தன் சூட்டையும் இரத்தத்தின் நிலையையும் அவ்வளவு கண்டிப்பாகக் காத்துவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தவிட்டோடு போன துணை

பல என்ஸைம்கள் தனியே நின்று வேலை செய்யமாட்டா. துணைப் பொருள் வேண்டும். வைட்டமின்களிற் பல இத்தகைய துணைகளே. பி-1 என்னும் வைட்டமின், சர்க்கரையை எரித்துச் சக்தியாக்கும் சில என்ஸைம்களுக்கு இன்றியமையாதது. அது அரிசியின் மேல்தோலிலும் முளையிலும் இருக்கிறது. ஆலையில் நன்றாகத் தீட்டிய பச்சரிசியையே உண்டு, வேறு சத்துணவு கிடைக்காத மக்களுக்குக் கை கால் மரத்து, இருதயம் தளரும் பெரிபெரி நோய் வந்தது. ஜாவாவில் டச்சு வைத்தியரான எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நடக்கமாட்டாமல் விழுவதையும், தவிடு கொடுத்தால் எழுந்து நடப்பதையும் 1890-களில் கண்டார். நெல்லை அவித்துக் குத்தும் புழுங்கலரிசியில், அவிக்கும்போதே வைட்டமின் உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டினாலும் ஒரு பங்கு நிலைத்து நிற்கிறது. புழுங்கலரிசி உண்போரிடம் இந்நோய் அரிதாயிருந்ததற்குக் காரணம் இதுவே.

ஒன்று இல்லாமற்போனால்

துணைப் பொருள் குறைந்தால் உணவில் சேர்த்துக்கொள்ளலாம். என்ஸைமே இல்லாமற்போனால்? சில சமயம் தொல்லை சிறிது. வயது வந்தவர்களிற் பலருக்குப் பாற்சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் குறைந்துவிடுகிறது. அவர்களுக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும். தயிரில் அச்சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் முன்னரே தீர்த்துவிடுவதால், தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

எல்லாம் இவ்வளவு இலேசாக முடிவதில்லை. 1934-ல் நார்வே தேசத்தில் ஒரு தாய் தன் இரு குழந்தைகளுடன் டாக்டர் பேலிங் என்பவரிடம் வந்தாள். பிறந்தபோது அக்குழந்தைகள் நன்றாகவே இருந்தன. பின்னர் இருவருக்கும் அறிவு வளர்ச்சி நின்றுவிட்டது. அவள் ஏறி இறங்காத வைத்தியர் வீடு இல்லை. குழந்தைகளிடம் எப்பொழுதும் ஒரு விசித்திரமான வாடை வீசுவதையும் அவள் கவனித்திருந்தாள். ஆனால் அச்சொல்லை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பேலிங் பொருட்படுத்தினார். குழந்தைகளின் சிறுநீரில் இரும்புக் குளோரைடைச் சேர்த்தார். அது ஆழ்ந்த பச்சை நிறமாயிற்று. அவர் அதுவரை காணாத நிறம் அது. பல நாள் உழைத்து, அந்நிறத்துக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்.

பீனைல்அலனின் என்பது பால், பருப்பு, முட்டை முதலிய புரத உணவு யாவற்றிலும் உள்ள ஒரு கூறு. அதில் மிஞ்சியதை ஈரலிலுள்ள ஓர் என்ஸைம் வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. அக்குழந்தைகளிடம் அந்த என்ஸைம் வேலை செய்யவில்லை. மாறவேண்டியது மாறாமல் இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைப் பாழாக்கிற்று. தாய் அன்போடு ஊட்டிய பாலே நஞ்சாக முடிந்தது.

1950-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டாக்டர் பிக்கல் முதலியோர், பீனைல்அலனினைக் குறைத்த உணவைத் தயாரித்து இத்தகைய ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். அங்கும் ஒரு தாயின் விடாத வற்புறுத்தலே அவர்களை அம்முயற்சியில் இறக்கிற்று. குழந்தையிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் கெட்டுவிட்ட மூளையை முற்றும் மீட்க முடியவில்லை. பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கினால் மட்டுமே முழுப் பயன் உண்டு. நோய் வெளியே தெரியுமுன் அதை அறிவது எப்படி? 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்பவர் வழி கண்டார். பிறந்த சிசுவின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் காகிதத்தில் ஒற்றிச் சோதிப்பதே அம்முறை. இன்று பல நாடுகளில் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இச்சோதனை நடக்கிறது. அதனால் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் உணவில் கட்டுப்பாட்டுடன் இருந்து, பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்று, மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள்.

நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை நடைபெறுவதில்லை. இந்நோய் அரிதானதே, ஐரோப்பாவில் ஏறக்குறைய 10,000 குழந்தைகளுக்கு ஒன்று என்பர். ஆயினும் இவ்வகையான என்ஸைம் குறைகள் பல உண்டு. நெருங்கிய உறவில் மணம் செய்துகொள்ளும் குடும்பங்களில் அவை தோன்றும் வாய்ப்பு அதிகம். ஏனெனில் தாய் தந்தை இருவரும் தத்தம் உடலில் மறைவாகச் சுமக்கும் ஒரே குறை, குழந்தையிடம் ஒன்றுசேர்ந்துவிடுகிறது. அங்ஙனம் சுமக்கும் பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு. பிரசவ ஆஸ்பத்திரியில் இச்சோதனை உண்டா என்று கேட்டறிவது பெற்றோர் கடமை.

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களாகிய நாம் இன்னொன்றும் சொல்ல விரும்புகிறோம். மந்தம் என்று பெயரெடுத்த குழந்தையைப் பிரம்பினாலும் வசையினாலும் திருத்திவிடலாம் என்று எண்ணியவர்கள் எத்தனை பேர்! அக்குழந்தையைப் பெற்றவளைப் பாவி என்று தூற்றியவர்கள் எத்தனை பேர்! ஈரலில் ஒரு புரதத்தின் வடிவம் சற்றே கோணியிருப்பதற்குக் குழந்தை என்ன செய்யும்? தாய்தான் என்ன செய்வாள்? அந்த நார்வே தேசத்துத் தாயின் சொல்லைச் செவிகொடுத்துக் கேட்க ஒருவர் கிடைத்ததால் அல்லவோ, பின்னால் பிறந்த எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன!

கள்ளச் சாவி

என்ஸைம் வேலை செய்யாதிருப்பது சில சமயம் நன்மையாகவும் முடியும். பூட்டுக்குள் நுழைந்து, திறக்காமல் சிக்கிக்கொள்ளும் கள்ளச் சாவியைப் போன்ற பொருள்கள் உண்டு. நம் மருந்துகளில் பல அத்தகையவையே. பென்ஸிலின், கிருமிகள் தம் சுவரைக் கட்டுவதற்கு உதவும் என்ஸைமில் சிக்கிக்கொண்டு, அவ்வேலையை நிறுத்திவிடுகிறது. ஆஸ்பிரின், வலியையும் வீக்கத்தையும் தூண்டும் பொருளை உண்டாக்கும் என்ஸைமைத் தடுக்கிறது.

இத்துறையில் நம்மவர் ஒருவரின் பெயரை மறக்கலாகாது. ஆந்திர நாட்டில் பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மெடிக்கல் காலேஜில் பயின்று, அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஹார்வர்டில் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து, உயிரணுவில் சக்தியின் நாணயமாகச் செலாவணியாகும் ஏ.டி.பி. என்னும் பொருளை 1929-ல் கண்டறிந்தார். அதே சமயத்தில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதைத் தனியே கண்டார். பின்னர் லெடர்லே ஆராய்ச்சிசாலையில் சுப்பாராவின் தலைமையில், போலிக் அமிலம் என்னும் வைட்டமினும், அதைப் போலவே தோற்றமளிக்கும் கள்ளச் சாவிகளும் தயாராயின. புதிய அணுக்கள் பெருகுவதற்கு அவ்வைட்டமினைக் கையாளும் ஓர் என்ஸைம் வேண்டும். அதை இக்கள்ளச் சாவி முடக்கிவிடும். பாஸ்டன் நகரில் டாக்டர் பார்பர், இரத்தப் புற்றுநோயால் மடிந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு இதைக் கொடுத்தார். சில குழந்தைகள் எழுந்து விளையாடலாயின என்ற செய்தி 1948-ல் வெளியாயிற்று. குணம் தற்காலிகமானதே, ஆனால் அதுவரை ஒன்றும் செய்யமுடியாதென்று கைவிட்ட நோயில் அது முதல் வெளிச்சம். அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அக்குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்து இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் உதவிவருகிறது.

விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை

என்ஸைம்கள் இவ்வளவு மகிமை வாய்ந்தவை என்றதும், 'என்ஸைம் சேர்ந்தது' என்று விளம்பரமாகும் பொடிகளையும் பானங்களையும் வாங்கி உண்ணலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். வாயால் உண்ணும் என்ஸைமும் புரதமே; பருப்பைப் போலவே அதுவும் இரைப்பையில் சிதைந்து ஜீரணமாகிவிடும். ஈரலுக்கோ மூளைக்கோ அது அவ்வண்ணமே போய்ச் சேருவதில்லை. கணையம் பழுதுற்றவர்களுக்கு, இரைப்பையின் புளிப்பில் கரையாத உறையிட்டு டாக்டர்கள் கொடுக்கும் என்ஸைம் மருந்தும், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லாக்டேஸும் மெய்யான பயன் உள்ளவை. அவை உணவுக் குழாயினுள்ளேயே தம் வேலையை முடிப்பவை. உடல் நலமாக உள்ளவருக்கு வேண்டியது, தன் என்ஸைம்களைத் தானே கட்டிக்கொள்ள உடலுக்கு உதவும் உணவு: போதிய பருப்பு, கீரை, காய்கறி, பால் அல்லது மோர், அதிகம் தீட்டாத தானியம். நன்றாக மென்று உண்ணும் பழக்கத்துக்கோ காசு வேண்டாம்.

பூக்னரின் கல்வத்தில் நுரை எழுந்த நாள் முதல், உடலுக்குள் நிகழ்பவை அறியத் தகாத மர்மங்கள் அல்ல என்பது உறுதியாயிற்று. அறியத்தக்கது என்றால் திருத்தத்தக்கதும் ஆகும் என்பதைக் குதிகாலில் எடுத்த ஒரு துளி இரத்தம் காட்டுகிறது. ஆயிரக்கணக்கான இந்த என்ஸைம்களில் ஒவ்வொன்றையும் எவ்வடிவில் கட்டவேண்டும் என்னும் கட்டளை உயிரணுவில் எங்கே, எம்மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்ற வினா இங்கே இயல்பாக எழும். அதனைப் பிறிதொரு வாரம் ஆராய்வோம்.